தானாய் முளைத்த மரவள்ளி

அந்த வருஷம் குமி ஊர்ப் பக்கத்து மரவள்ளியெல்லாம் தேமல் நோயில் இலை சுருண்டு நின்றது. அசெகெனியின் தோட்டமும் தப்பவில்லை. கறையான் புற்றோரம் ஒரே ஒரு செடி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதைப் பார்த்ததும் அவள் சுற்றிலும் மண்ணில் செய்வினை புதைத்த தடம் தேடினாள். அந்த இடத்தில் அவள் குச்சி நட்டதே இல்லை.

அடுத்த தோட்டம் சக்களத்தி அப்போலோட்டுடையது. புருஷன் செத்து நாலு வருஷமாகியும் இருவருக்கும் ஆகாது.

"என் தோட்டத்துல எதைடி பொதைச்சு வச்சே?" என்று கத்தினாள் அசெகெனி.

"நானா? ஊர்ச் செடியெல்லாம் சாகுது, ஒன்னுது ஒண்ணு மட்டும் தளதளங்குது. எந்த மந்திரவாதியப் பாத்தேன்னு நான்தான்க்கா கேக்கணும்!"

அசெகெனி அந்தச் செடியை வெட்டிப்போட மண்வெட்டியோடு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, நோய் பார்க்க வந்த விவசாய ஆராய்ச்சிக்காரன் ஒகிரோர் ஓடிவந்தான்.

"வெட்டாதீங்கம்மா! ரெண்டு குச்சி மட்டும் குடுங்க."

சம்பளக்காரனுக்கு என் குச்சி எதற்கு? அவள் முறைத்தாள். அவன் செடியின் அடிமண்ணைக் கிளறினான்.

"நட்ட குச்சி எங்கயாவது இருக்கா, பாருங்க. ஆணிவேர் எறங்கியிருக்கு. இது வெதையில மொளச்சது. நாம ஒடிச்சு ஒடிச்சு நடுறதெல்லாம் ஒரே செடிதான், அதான் ஒரே சீக்குல எல்லாம் விழுது. இது ரெண்டு செடிக்குப் பொறந்த புள்ள. ஆத்தா மாதிரியே இருக்காது."

"புள்ள விஷமா இருந்தா?"

"இருக்கலாம். கசக்குதான்னு நுனியக் கடிச்சுப் பாக்கணும்."

"நீ கடி."

அவன் கிழங்கைத் தோண்டிக் கடித்தான். கசக்கவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிறதா என்று வெகுநேரம் பார்த்துவிட்டு, அசெகெனி இரண்டு குச்சி கொடுத்தாள்.

அதன்பின் அவள் தானாய் முளைத்தவற்றைப் பிடுங்காமல் விட்டாள். பதினான்கில் ஒன்பது சுருண்டன. மூன்று கசந்தன. இரண்டு தேறின. முதல் செடியோடு சேர்த்து மூன்று ரகம். அவற்றின் குச்சியையே தோட்டமெல்லாம் நட்டாள். அடுத்த அறுவடையில் அவள் அடுப்பு அணையவில்லை.

அப்போலோட் குச்சி கேட்டு வந்தபோது மூன்றிலும் ஒடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

"நல்லது ஒண்ணு போதாதா? மத்தது எதுக்கு? எதைக் கலக்கறே?"

"நாளைக்கு வேற சீக்கு வந்தா? எந்தச் செடியையும் முழுசா நம்பாதே."

"ஒன்னையே நம்பல, செடிய எங்க நம்பறது," என்றபடி அப்போலோட் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு குச்சியாக முகர்ந்து பார்த்த பிறகே எடுத்துப் போனாள்.