மெஷின் எப்போது நின்றது

எங்கள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் ஷிஃப்ட் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும். லைனில் நின்று நின்று கால் வீங்கியவள் நான். அந்த நாற்காலியை விடுவதாக இல்லை. உத்திரமேரூரில் டியூஷன் சேர்ந்தேன்.

டியூஷன் சார் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் சொலவடையெல்லாம் வானிலைதான். வேலை அதிகமா, பனியில் புதைந்தேன் என்று எழுது. சந்தோஷமா, ஒன்பதாம் மேகத்தில் மிதந்தேன் என்று எழுது. "சும்மா எழுதினா யாரும்மா மதிப்பான்? அலங்காரம் வேணும்" என்பார். மெஷின் பழுதான ஒரு ஷிஃப்டைப் பற்றி எழுதச் சொல்லித் தொழிற்சாலையில் வைத்த முதல் தேர்வில் அத்தனையையும் கொட்டினேன். மேனேஜர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இடி கீது, புயல் கீது, பனி கூட கீது. மெஷின் எப்போ நின்னுச்சு? அதக் காணோமே."

பெயில். பனியை நான் ஃப்ரீசரில்தான் பார்த்திருக்கிறேன், அதைப் போய் எழுதினேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த தேர்வுக்கு அன்றைக்கே பெயர் கொடுத்தேன்.

அந்தத் தேர்வுக்கு முந்தைய ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் மானாம்பதியில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு ஓடினால், கதிர் முற்றிய நெல் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. நானும் அம்மாவும் நாலு நாலு குத்தாகச் சேர்த்து நிமிர்த்தி, அதன் தாளாலேயே கட்டினோம். பாதிதான் முடிந்தது.

"பரீட்சைக்குக் கெளம்புடி. மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா.

கஷ்டமான ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மழை எப்போது தொடங்கியது, எவ்வளவு சாய்ந்தது, எப்படிக் கட்டினோம், எவ்வளவு பாக்கி என்று வரிசையாக எழுதினேன். அம்மாவின் முகம் வானத்தைப் போலவே மப்பாக இருந்தது என்று ஒரு வரி. அலங்காரமோ என்று அடிக்கப் போனேன். அது நான் கண்ணால் பார்த்தது. விட்டுவிட்டேன்.

மேனேஜர் முழுக்கப் படித்தார். "மீதி நெல்லு?"

"தண்ணியிலதான் கீது சார். ஷிஃப்ட் வுட்டதும் போயி கட்டணும்."

"இப்பவே கெளம்பு. திங்கக்கெழமையிலேர்ந்து ரிப்போர்ட் நீதான் எழுதணும்."

நேராக வயலுக்குப் போனேன். அம்மா குனிந்தபடியே, "இன்னா ஆச்சு?" என்றாள். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். வானம் அப்படியே மூடிக்கொண்டுதான் இருந்தது, அவள் முகம் மட்டும் தெளிந்துவிட்டது.

"சரி, ராத்திரிக்கும் மழ கீது. இந்தப் பக்கம் புடி."