மூன்றாம் தொட்டியின் நீலம்

கலர் மீன் பண்ணையில் அவருக்குச் சாயக்காரர் என்று பட்டப்பெயர். ஆனால் சாயத்தை அவர் தொட்டதே இல்லை. ஆண் ஹார்மோனை ஸ்பிரிட்டில் கரைத்து, தீவன மாவில் பிசறி, நிழலில் உலர்த்துவார். அதைத் தின்றால் மங்கிக் கிடக்கும் பெண்மீனுக்கும் ஆண்மீனின் நீலம் ஏறிவிடும். குஞ்சு மட்டும் போடாது. யார் வீட்டுக்கோ விலைபோய், அந்தத் தீவனம் நின்றதும் நீலம் இறங்கிவிடும். வாங்கியவன் பாவம், தன் வீட்டுத் தண்ணீர்மேல் பழியைப் போடுவான். "நாம பண்றது சுத்தப் பித்தலாட்டம்" என்று சாயக்காரரே சொல்வார், மாவைப் பிசறிக்கொண்டே.

இந்தப் பிழைப்பைத் தலைமுழுகத்தான் மொட்டை மாடியில் மூன்று தொட்டி கட்டினார். மருந்தே இல்லாமல், பிறவியிலேயே நீலமான மீன் வேண்டும். நல்லதாகப் பொறுக்கிப் பொறுக்கி வருஷக்கணக்கில் இனம் சேர்த்தார். ஒரு மீன் வியாபாரி வாக்குக் கொடுத்திருந்தார்: "நெறம் நிக்கணும், குஞ்சும் போடணும். அப்புறம் நீங்க பண்ணைப் பக்கமே போக வேணாம். மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்."

மழைக்காலம் வந்தது. பண்ணையில் மாவு காயவில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினார். கொஞ்ச நாளில் மூன்றாம் தொட்டி மட்டும் நீலமாக ஜொலித்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! வந்துடுச்சு!"

மனைவி சிரித்தாள். மற்ற இரண்டு தொட்டியிலும் செதில் ஓரத்தில் லேசாக ஒரு நீலம்தான். இதுகளுக்கு இனி எதற்குத் தண்டத் தீனி? அன்றைக்கே அள்ளிக்கொண்டுபோய்ப் பண்ணையின் கெளுத்திக் குளத்தில் இரையாகக் கொட்டினார். ஊருக்கெல்லாம் கண்கட்டு வித்தை காட்டியவருக்குத் தன் கண் கட்டப்பட்டது தெரியவில்லை. ஆசை அப்படி.

மழை விட்டது; மாவு பழையபடி பண்ணையிலேயே காய்ந்தது. ஒரு மீனுக்கும் வயிறு உப்பவில்லை. பிறகு வால்நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. அந்த வெளுப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த வெளுப்பு.

"என்ன போட்டே?"

"நீங்க காயவெச்ச மாவுதாங்க. நெறைய எடுத்தா தெரிஞ்சிடும்னு ஒரு தொட்டிக்கு மட்டும் போட்டேன். தெனமும் மாடிக்குப் போயிட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு எறங்கி வருவீங்க. ஒரு நாளாவது சிரிக்கட்டுமேன்னுதான்..."

"மத்ததக் கொட்டப் போறப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

மெல்ல ஏறிக்கொண்டிருந்த நிஜ நீலத்தைத் தன் கையாலேயே அல்லவா கொட்டிவிட்டு வந்தார்! மறுபடி முதலிலிருந்து பொறுக்க வயதில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனார். குளத்தைத் தாண்டித்தான் மாவுக் கொட்டகைக்குப் போக வேண்டும். காலடிச் சத்தம் கேட்டதும், தீனி வருகிறதென்று கெளுத்திகள் வாயைப் பிளந்துகொண்டு கரைக்கு வந்தன. நன்றாகக் கொழுத்திருந்தன.