பீரோவுக்கு அந்தப் பக்கம்

ஐந்தாம் வகுப்பு டீச்சர் பேச்சை நிறுத்தியதற்கு நான்தான் காரணம் என்று முதலில் முழு மனதாக நம்பினேன். ஊரில் எது நடந்தாலும் அது என்னால்தான் நடந்திருக்கும் என்று நடுங்குவது என் சுபாவம். ஆரணியில் மழை பெய்யாவிட்டால்கூட, அன்றைக்கு நான் குடை எடுத்துப் போனதால்தானோ என்று யோசிக்கிற ஆள் நான். அப்படியிருக்க, ஒரு பெண்மணி வாயை மூடிக்கொண்டால் கேட்க வேண்டுமா?

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு வாத்தியார், அவர் ஐந்தாம் வகுப்பு. இரண்டும் ஒரே கூடத்தில் நடந்தன. நடுவில் சுவர் கிடையாது. பழைய இரும்பு பீரோ இரண்டை அடுத்தடுத்து நிறுத்தி, அதுதான் சுவர் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். டீச்சரின் குரல் பீரோவை மதிக்காது. கணக்குப் பாடம் எடுத்தாரானால் அந்தக் குரல் இந்தப் பக்கம் வந்து என் வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். என் பிள்ளைகள் என்னைப் பார்த்தபடியே அவருடைய பாடத்தைக் கேட்பார்கள். ஒரு நாள் தலைமையாசிரியர் அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்: "டீச்சர், வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. எம் பசங்க நாலாங்கிளாஸை உட்டுட்டு நேரா அஞ்சாவது பரீட்சை எழுதிடப் போறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பீரோவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து, கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரப்போகிறார் என்று தகவல் வந்தது. உடனே என் பாடக்குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினேன். காரணம் இருந்தது. வாராவாரம் எழுத வேண்டிய பாடக்குறிப்பை நான் டீச்சருடையதைப் பார்த்துத்தான் எழுதுவேன். எவ்வளவு விசுவாசமாக என்றால், ஒரு முறை என் குறிப்பில் 'ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் பின்னங்களைப் புரிந்துகொள்வார்கள்' என்றே எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். கோபத்தில் இருக்கும் டீச்சர் இதை அதிகாரியிடம் சொன்னால் என் கதி என்ன? சமாதானத்துக்கு வழி தேடினேன். தெரிந்த புடவைக் கடையில், பட்டுப் புடவை மடிப்புக்குள் வைக்கும் அட்டைகளைக் கேட்டு வாங்கி, வட்டமாக வெட்டி, அரை, கால், அரைக்கால் என்று வண்ணம் தீட்டி, பிரசாதத் தட்டு நீட்டுவதுபோல் அவர் மேசையில் வைத்தேன். டீச்சர் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். தலையசைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தலையசைப்பை எனக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் தாங்க முடியாமல் பீரோ இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன். டீச்சர் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார். கையால். விரலைச் சுழற்றினால் பிள்ளைகள் மேலே படித்தார்கள். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்தினார்கள். கரும்பலகையில் ஒருவன் கணக்கைத் தப்பாகப் போட்டபோது அவர் இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினார்; வகுப்பு முழுவதும் முன்னால் சாய்ந்து, எந்த வரியில் தப்பு என்று தேட ஆரம்பித்தது. என் வகுப்பிலோ நான் எட்டிப் பார்த்த அந்த நேரத்துக்குள் ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறியிருந்தான்.

பக்கத்தில் வந்து நின்ற என் வகுப்புப் பெண்ணிடம், "இது இன்னாம்மா?" என்றேன்.

"பவர்லூம் பேச்சு சார். எங்கூட்ல தறி ஓடிகினு இருக்கும்போது எவ்ளோ கத்தினாலும் கேக்காது. இப்டித்தான் பேசிக்குவோம். வெட்டிக் காட்டினா நூல் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா சார்?"

தெரியாது. நான் ஊருக்கு வெளியே நெல் விளைகிற பக்கத்துக்காரன். விசைத்தறிக் கொட்டகை வாசலைத் தாண்டியதில்லை. டீச்சர் தறிக்கார வீட்டுப் பெண். உடனே என் மூளை அடுத்த முட்டாள்தனத்துக்குத் தாவியது: அதிகாரியை மயக்க டீச்சர் புது உத்தி தயார் செய்கிறார், பக்கத்து வகுப்பின் கூச்சல் அவருக்குப் பின்னணி இசை, கூச்சலுக்குச் சொந்தக்காரன் நான்.

ஆய்வு நாளன்று அதிகாரியின் ஜீப் வாசலில் நின்றதும் ஜன்னலோரத்து மாணவன் ஒருவன் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினான். கொட்டகையில் அதற்கு 'முதலாளி வருகிறார்' என்று பொருளாம். இரண்டு வகுப்பும் விறைத்து உட்கார்ந்தன. உள்ளே வந்தவருக்கு மீசையே இல்லை. அவர் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் வெட்டிக் கொடுத்த அட்டைகளை வைத்துக்கொண்டு, அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதை டீச்சர் ஒரு சொல் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள்தான் பேசினார்கள். ஒருவரை ஒருவர் திருத்தினார்கள்.

"பிரமாதம் மேடம். எந்தப் பயிற்சியில கத்துகினீங்க?" என்றார் அதிகாரி.

டீச்சர் வாயைத் திறந்தார். உப்புத்தாளைத் தேய்ப்பது போல ஏதோ வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பீரோவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். "மேடத்துக்குத் தொண்டை கட்டிகினு இருக்குது சார். இதுக்குப் பேரு செய்கைவழிக் கற்றல் சார்." அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிகாரி அதை எழுதிக்கொண்டார். என் பாடக்குறிப்பை அவர் கேட்கவே இல்லை.

ஜீப் போன பிறகு பீரோ பக்கம் கூப்பிட்டு டீச்சர் சொன்னார். காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"வேலூர்ல காட்டினேன் சார். தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுத்துடணுமாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, கிளாஸைப் புடுங்கிடுவாங்க. குரல் போனாலும் பாடம் நடத்தலாம் சார். பசங்களுக்குத்தான் இந்தப் பேச்சு தெரியுதே. அதுக்குத்தான் இப்பவே பழகிகினு இருக்கேன்."

நான் கேட்டேன்: "அப்போ எம்மேல கோவம் இல்லியா டீச்சர்?"

"எதுக்கு சார்?"

வால்யூம் ஜோக் அவருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதற்குப் பிறகு ஏதாவது வரவேண்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மணி அடித்தது. போய் வருகைப் பதிவு எடுத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அவர் விடுப்பில் இருந்த மாதங்களில் இரண்டு வகுப்பையும் நான்தான் பார்த்தேன். கைப்பேச்சை நானும் முயன்றேன். 'அமைதி' என்று காட்டுவதாக நினைத்து 'டீ வாங்கி வா' என்று காட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார்கள். என்னைப் பற்றி என் கண் முன்னாலேயே கையால் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் என்ன சாப்பிட்டேன், என்ன பாடம் நடத்தினேன் என்பதெல்லாம் மரத்துப்போன பல் மாதிரி இருக்கிறது. இருப்பது தெரிகிறது, வலி தெரியவில்லை.

டீச்சர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். குரல் சுத்தமாக இல்லை. உள்ளே நுழைந்ததும் விரலைச் சுழற்றினார். பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து படித்தார்கள். சில வாரங்கள் அப்படி நடந்தது. பிறகு கல்வி அலுவலகத்தில் உடல்தகுதிச் சான்று கேட்டார்கள்; டாக்டர் 'பேச இயலாதவர்' என்று எழுதிக் கொடுத்தார்.

அதே அதிகாரியிடம் போனேன். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிற நான், அன்றைக்கு எப்படியோ பேசினேன். "நீங்களே பாத்தீங்களே சார். பிரமாதம்னீங்களே."

"இப்பவும் பிரமாதம்தான் சார். அது உத்தி. இது தகுதி. பேச வராதவங்களுக்கு கிளாஸ் குடுத்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. சம்பளம் குறையாது, சீனியாரிட்டி போவாது. இன்னா செய்யச் சொல்றீங்க?" அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வரவழைத்தார். குடித்தேன்.

ஐந்தாம் வகுப்பை என் வகுப்போடு சேர்த்தார்கள். டீச்சரைக் கல்வி அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவர் இப்போது தபால்களுக்கு முத்திரை குத்துகிறார். அவருக்கு மறுபடி வகுப்பு கொடுக்கப்படவில்லை.