இடது பக்கம் சுட்ட ரைஃபிள்

பழைய துப்பாக்கி விற்கிற கடையில் வேலை பார்ப்பவனுக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால், அவனை வேலைக்கு வைத்த முதலாளி மேல் நமக்குச் சந்தேகம் வரும்.

இரண்டாம் மகாயுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், மைசூர் மண்டி மொஹல்லா பக்கம் ஒரு முதலியாரின் துப்பாக்கிக் கடையில் இருந்தேன். என் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக அந்த ஊருக்கு வந்தவர். நான் தண்டவாளத்தை விட்டு இறங்கி இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டேன். விற்க வரும் துப்பாக்கியைச் சோதிப்பது, ரிப்பேர் பார்ப்பது, டெலஸ்கோப் பூட்டிக் குறி சரிசெய்து கொடுப்பது, இவ்வளவும் என் பொறுப்பு. பழைய சைக்கிளோ பழைய கடிகாரமோ வாங்கி வந்து வீட்டில் பேச்சு கேட்ட அன்பர்களே, நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

கணக்கப்பிள்ளைக்கு ஒரு விசாரணை

குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் சாமுவேல். தோட்டத்து துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாக ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிளை விற்கக் கொண்டுவந்தார். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னத் தோட்டா போடுகிற ரகம். முயலுக்கும் பழம் தின்னும் வௌவாலுக்கும் போதும். கூடவே ஃபிளானல் துணியில் சுற்றிய டெலஸ்கோப் ஒன்று.

இந்த ரகத்தில் முதலில் பார்க்க வேண்டியது குழலின் பின்வாய். தோட்டா போடாமல் சும்மா தட்டித் தட்டி விளையாடியிருந்தால், உள்ளே இருக்கும் ஊசி அந்த விளிம்பில் பள்ளம் போட்டிருக்கும். நகத்தால் தடவினேன், பள்ளம் இல்லை. ஒரு முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சம் பிடித்து மறுமுனையிலிருந்து பார்த்தேன், துரு இல்லை. லைசென்ஸ் காகிதமும் சரி. எல்லாம் சரியாக இருந்ததால் என் சந்தேகம் இரண்டு பங்காயிற்று. துரை இதை ஏன் கொண்டுபோகவில்லை, கீழே போட்டாரா, மழையில் நனைத்தாரா, வேறு யாராவது வாங்க மறுத்தார்களா என்று ஒரு மணி நேரம் குடைந்தேன். சாமுவேல் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, என் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேள்வி கேக்கல."

ஒன்று விடாமல் பொட்டு

ரைஃபிளை வாங்கி வைத்த வாரமே தசரா. ஆயுத பூஜையன்று எங்கள் கடையில் இருந்த ஆயுதங்களுக்கு ஊரில் வேறெந்தக் கடையிலும் நடக்காத மரியாதை நடக்கும். முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசி வரிசையாகச் சாய்த்து வைப்பேன். காலையில் சந்தனம் அரைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு. எண்ணெய் பட்ட இரும்பில் சந்தனம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனால் உலர்ந்த இடமாகத் தேடித் தேடி வைத்தேன். முதலியார் பின்னாலேயே நின்று மேற்பார்வை பார்த்தார்.

பூஜை முடிந்த நாலாம் நாள் டெலஸ்கோப்பைப் பூட்டினேன். ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் வைத்துச் சுட்டேன். ஐந்து தோட்டாவும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கும் அளவுக்குள் விழுந்தன. முதலியாரிடம் காட்டினேன். அவருக்கு அது என் திறமையாகத் தெரியவில்லை.

"பாத்தியா, அன்னைக்கே சொன்னேன், சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாம நல்லா அப்புன்னு."

புட்டய்யாவின் இளநீர்

முதலில் வாங்கியவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தென்னந்தோப்புக்காரர் புட்டய்யா. இளநீரை ஓட்டை போட்டுக் குடிக்கும் அணில்கள் மேல் அவருக்குத் தீராத கோபம். பத்தாம் நாள் துப்பாக்கியும் கையுமாகத் திரும்பி வந்தார். குறி இடது பக்கம் போகிறதாம்.

நான் நம்பவில்லை. தோப்புக்காரர் கையில் கொடுத்தால் மரத்தடியில் சாத்திவிட்டுத் தூங்குவார், துப்பாக்கி சரிந்து விழும், பழி நம் தலையில் என்று நினைத்துக்கொண்டேன். மண்மேட்டில் சுட்டபோது உண்மையாகவே ஒரு சாண் இடது பக்கம் போயிற்று. குறி திருத்தும் திருகைத் திருப்பி நேராக்கிவிட்டேன். கீழே போட்டீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை என் மேஜை மேலேயே விட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழில் கன்னடம் கலந்து சொன்னது இது:

"ஏனு ஸ்வாமி, அணிலு கூட இப்ப பயப்படறது இல்லை, குறி வெச்சா ஒக்காந்து கண்ணை விரிச்சு நோடுது."

அடிக்காத துப்பாக்கி வேண்டும்

அடுத்தவர் மேல்கோட்டை ஐயங்கார், அமல்தாராக, அதாவது தாசில்தாராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பலாமரத்தில் குரங்குத் தொல்லை. ஆனால் குரங்கின் மேல் தோட்டா படக்கூடாது. பக்கத்தில் பட்டு அது பயந்து ஓடினால் போதும். இப்படி ஒரு விசித்திரமான கிராக்கியை நான் பார்த்ததில்லை. நிஜமாகக் குரங்குக்குத்தானா, அல்லது பங்காளிச் சண்டையா என்று வழக்கம்போல் யோசித்தேன். சுட்டுக் காட்டி, நேராகப் போவதை நிரூபித்து அனுப்பினேன்.

இரண்டே வாரம். குரங்குக்கு வலது பக்கம் ஒரு முழம் தள்ளிக் குறி வைத்திருக்கிறார். தோட்டா வாலின் நுனியைச் சீவிக்கொண்டு போய்விட்டது. ரத்தம் இரண்டு சொட்டுதான், ஆனாலும் மனுஷர் அன்றிலிருந்து சாப்பிடவில்லை. முகம் வாடி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவரை அனுப்பிவிட்டு முதலியார் என்னிடம் வந்தார். இந்தத் துப்பாக்கி மூன்றாம் முறை திரும்பி வந்தால் அதோடு நானும் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்றார். வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. ஆனால் மனசில் தைத்தது ஐயங்கார் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதுதான்.

"ஓய், ஆஞ்சநேயர் வால்ல கை வெச்ச பாவத்துல பாதி உம்முடையது, தெரிஞ்சுக்கும்."

மறுபடியும் கணக்கப்பிள்ளை

வேலை போய்விடும் என்ற பயம் வந்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது, அதாவது அப்படி நினைத்துக்கொண்டேன். கீழே விழுந்து உள்ளே ஆட்டம் கண்ட டெலஸ்கோப்பை சாமுவேல் என் தலையில் கட்டிவிட்டார். அதனால்தான் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். கழற்றிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் பூட்டியதை நானே சந்தேகப்படுவதா?

அந்தச் சமயம் பார்த்து ஏதோ காரியமாக மைசூர் வந்த சாமுவேல், துப்பாக்கி நல்ல கைக்குப் போயிற்றா என்று விசாரிக்கக் கடைக்குள் நுழைந்தார். நாலு வாடிக்கைக்காரர்கள் நடுவில் அவரைத் திருடன் என்றேன். சத்தம் போட்டே சொன்னேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"துரை முப்பது வருஷம் என்னைத் திட்டியிருக்காரு தம்பி, இந்த வார்த்தை சொன்னதில்ல."

கவுண்டர் முகர்ந்து பார்த்தார்

வேறு டெலஸ்கோப் கையில் இல்லாததால் திருகை மட்டும் மறுபடி திருப்பி வைத்திருந்தேன். மூன்றாவதாக வந்தவர் கொள்ளேகால் கவுண்டர். கடலைக் காட்டில் முயல் தொல்லை. கொள்ளேகால் அப்போது மதராஸ் ராஜதானியில் சேர்ந்தது. எங்கள் சமஸ்தானத்துக் காகிதம் அங்கே செல்லாது. இரண்டு பக்கத்துக் காகிதமும் குறையில்லாமல் வைத்திருந்தார். இவ்வளவு யோக்கியமாக யாராவது இருப்பார்களா என்று எனக்குப் பட்டது. ஆனால் என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணியாக அவர் இருந்தார். மேலே இருக்கும் டெலஸ்கோப்பைக் கழற்றினால்தான் ஆயிற்று, மாடு வாங்கினாலும் வாயைத் திறந்து பல் பார்த்துத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான் மறுத்தேன். முதலியார் கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். கழற்றினேன்.

டெலஸ்கோப் உட்காரும் பள்ளத்தில், ஒரு ஓரமாக, மஞ்சளாக ஏதோ காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. கவுண்டர் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். பூஜையன்று அந்த ரைஃபிளில் எண்ணெய் படாமல் உலர்ந்திருந்த ஒரே இடம் அந்தப் பள்ளம்தான். என் கையால் வழித்து அப்பிய சந்தனம். அதன் மேலேயே டெலஸ்கோப்பை உட்கார வைத்து முடுக்கியிருக்கிறேன். சுடச் சுட அது பொடிந்து கொட்ட, டெலஸ்கோப் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் திருகை மட்டும் திருப்பியிருக்கிறேன். எனக்குக் காது சுட்டது.

"ஏனுங்க தம்பி, துப்பாக்கிக்குள்ள கோயில் வாசம் வருதுங்க?" என்றார் கவுண்டர்.

துடைத்துப் பூட்டி அவர் முன்னாலேயே சுட்டுக் காட்டினேன். வாங்கிக்கொண்டு போனார், அந்தத் துப்பாக்கி திரும்பி வரவே இல்லை. அவர் போனதும் முதலியார் என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போகச் சொல்லப் போகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். சந்தனத்தை அப்பச் சொன்னவர் தாம்தான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சந்தேகப்படத்தான் உனக்குச் சம்பளம் தரேன். அதுல உன்னை மட்டும் ஏன்டா விட்டுவெச்ச?"

ஒரு தம்ளர் காப்பி

வேலை தப்பியது, தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு குடகுக்கு பஸ் ஏறினேன். தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் சாமுவேலின் வீட்டைக் கண்டுபிடித்து, வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். சூடாக இருக்கிறதே என்று ஆறட்டும் என விட்டேன்; சத்தியமாக அதுதான் காரணம். அவர் என் முகத்தையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்பிக் குடிங்க தம்பி, ஒண்ணும் கலக்கல."

அன்றிலிருந்து எந்தத் துப்பாக்கி கோணலாகச் சுடுகிறது என்று வந்தாலும், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் முகர்ந்து பார்ப்பது என் கையைத்தான்.