ஆலங்குடி தாண்டினால் தட்டுகிற வண்டி

நான் சொல்லப்போவது நடந்த சங்கதி. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. என் பெயர் அழகுமலை. புதுக்கோட்டையில் லாரி, வேன் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச் சேலை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். இது நடந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஏழு மணிக்குள். சாலையில் மாட்டுவண்டிகள் கூடப் போய்க்கொண்டிருந்தன.

1963, ஐப்பசி மாதம். கட்டுமாவடியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் பக்கீர் முகமது ஒரு பழைய பிக்கப் வேனைக் கொண்டுவந்து என் ஷெட்டில் நிறுத்தினார். உலகச் சண்டைக் காலத்து மிலிட்டரி வண்டி. பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு யாரோ டீசல் என்ஜின் ஏற்றியிருந்தார்கள். பின்பக்கம் தார்ப்பாய்க் கூண்டு. புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. அவர் அதை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“மேஸ்திரி, இஞ்சினு தட்டுது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

“எப்பத் தட்டுது பாய்?”

“பகல்ல ஒண்ணுமில்ல. பொழுது சாஞ்சு, ஆலங்குடி தாண்டி இங்கிட்டு வந்தா தட்டுது. திருவரங்குளம் வந்தா நின்னுபோகுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் பார்த்து, நேரம் பார்த்துத் தட்டுகிற என்ஜினை நான் கேள்விப்பட்டதில்லை. பாய் சிரிக்கவில்லை.

“எம் மக ரமீஜாவுக்கு மாசம் நெறஞ்சு நிக்குது மேஸ்திரி. நாங்க இருக்கறது கடலோரம். வலி எடுத்தா பஸ்ஸை நம்பி உக்கார முடியாது. இந்த வண்டியிலதான் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டியாரணும். நடுவழியில நின்னுறாதுன்னு நீங்க சொன்னாப் போதும்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். மகளை நம்பி ஏற்றலாமா, கூடாதா.

மூன்று நாள் பார்த்தேன். என் காதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்படியே கேட்டேன். சுத்தமான சத்தம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாயைத் தளர்த்தி, அந்தச் சிலிண்டரை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். நான்கும் ஒழுங்காக வேலை செய்தன. அடியைக் கழற்றி பேரிங்கைப் பார்த்தேன். தேய்மானம் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் ஆலங்குடிவரை போய்த் திரும்பினோம். நான் ஓட்டினேன். பாய் பக்கத்தில் இருந்தார். 6.10-க்கு முதல் தட்டு கேட்டது.

டொக்.

என்ஜின் தட்டினால், வேகம் கூடும்போது தட்டும் கூட வேண்டும். நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். தட்டு கூடவில்லை. ஒரு சரிவில் என்ஜினையே நிறுத்திவிட்டு வண்டியை உருட்டினேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். அப்போதும் தட்டியது. முதுகுக்குப் பின்னாலிருந்து.

“பின்னாடி ஏதோ லூசா ஆடுது பாய், அவ்வளவுதான்” என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர மனசு ஒப்பவில்லை. இந்தப் பக்கம் வண்டியின் பின்னால் ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்குக் குரல் கேட்காது. அதனால் தகட்டில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. எனக்குக் கேட்டதெல்லாம் ஒற்றைத் தட்டு.

மறுநாள் நான் பின்னால் ஏறினேன். பாய் ஓட்டினார். தார்ப்பாய் படபடத்தால் காது குழம்பும் என்று பின்திரையை வெளியிலிருந்து இழுத்துக் கட்டச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

“பத்து மைல் வேகத்துக்கு மேல போகாதீங்க. எத்தனை வாட்டி தட்டினாலும் நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா சத்தம் போயிரும், எங்கேன்னு கண்டுபிடிக்க முடியாது. நேரா திருவரங்குளத்துல போயி நில்லுங்க.”

“சரி மேஸ்திரி.”

ஆலங்குடியைத் தாண்டும்போது மணி 6.05. உள்ளே கும்மிருட்டு. கையில் டார்ச், பென்சில், ஒரு துண்டுக் காகிதம். கோளாறு எப்போது வருகிறது என்று மணி குறித்துக்கொள்வது என் பழக்கம்.

6.12. டொக்.

குறித்துக்கொண்டேன்.

6.17. மறுபடி ஒற்றை டொக்.

டிரைவர் முதுகுப் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. அந்தப் பக்கமிருந்து அடித்தால் தகடு என் கையைத் தள்ள வேண்டும். இது என் கையைவிட்டு விலகி அதிர்ந்தது. அப்படியென்றால் அடி விழுவது இந்தப் பக்கமிருந்து…

டார்ச் அடித்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பச்சை பெயிண்டுக்கு அடியில், சின்னச் சின்ன நெளிவுகள். குறைந்தது இருபது இருக்கும். படுத்திருக்கும் ஒரு ஆளுக்குக் கை எட்டுகிற உயரம்.

6.21. இந்தத் தடவை தட்டோடு சேர்ந்து கண்ணாடி வளையல் சத்தம். ஒன்றிரண்டு அல்ல… கை நிறைய.

6.24. தரையில் ஊன்றியிருந்த கை நனைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. டார்ச்சில் பார்த்தேன். பலகை காய்ந்து கிடந்தது. என் கையும்.

6.26. மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற மூச்சு… என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

6.28. டார்ச் அணைந்தது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. காய்ச்சல் கண்ட கை மாதிரி கொதித்தது.

“அண்ணே… நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே… நீங்க சொன்னா அவுக நிப்பாட்டுவாக…”

நான் தட்டினேன். ஓங்கி, ஒரே தட்டு.

வண்டி நிற்கவில்லை.

மறுபடி தட்டினேன். “பாய்! நிப்பாட்டுங்க பாய்!” இரண்டாவது கியரில் என்ஜின் போட்ட இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நிற்கவில்லை. நிற்காதே என்று சொன்னவன் நான்தானே.

மேலே நான் தட்டினேன். கீழே அவள் தட்டினாள்.

டொக். டொக். டொக்.

எனக்குப் பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. யார் பெற்ற பெண்ணோ… இந்த இருட்டில் தனியாக…

கைக்கடிகாரத்தில் ரேடியம் முள் மட்டும் தெரிந்தது.

6.41.

பிடி தளர்ந்தது. உதறவில்லை. ஒவ்வொரு விரலாக விட்டது.

அப்புறம் தட்டு இல்லை.

6.46-க்கு வண்டி திருவரங்குளத்தில் நின்றது. பாய் கயிற்றை அவிழ்த்துத் திரையைத் தூக்கினார். என் கை முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம்.

“இன்னைக்கு ரொம்பத் தட்டுச்சே மேஸ்திரி! நீங்க சொன்னீங்களேன்னு நான் நிப்பாட்டல. கண்டுபிடிச்சீங்களா?”

“இந்த வண்டியில ஒங்க மகளை ஏத்தாதீங்க பாய்” என்றேன். என் முகத்தைப் பார்த்தவர், சரி என்று தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து ரமீஜாவைப் புதுக்கோட்டையில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அந்த வாரமே ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வண்டியை யாருக்கோ தள்ளிவிட்டார். அது இப்போது எந்தச் சாலையில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதோ பிரமை என்று விட்டிருப்பேன். சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி அமராவதி, பையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். அவள் நான்கு பெற்றவள்.

“யாருக்குங்க வலி கண்டிருக்கு?” என்றாள்.

“என்ன வலி?”

“வலி வர்ற நேரத்தத்தான குறிச்சிருக்கீங்க? பன்னெண்டு, பதினேழு, இருபத்தொண்ணு, இருபத்துநாலு… நெருங்கி நெருங்கி வருதே. பிள்ளை பொறந்துச்சா?”

காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தேன்.

பாயிடம் வண்டியை விற்றவரின் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். ஆள் பெயர் ரெங்கராஜ். முப்பது வயதுகூட இருக்காது, தாடியும் மீசையுமாக இருந்தார். வண்டியை இப்போது ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் என்று சொன்னேன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறார் போல.

“எம் பொஞ்சாதி சொர்ணவல்லிக்குத் தலைப்பிரசவம்ணே. வைகாசி மாசம். பொழுது சாயிற நேரத்துல வலி கண்டுருச்சு. முன்னாடி உக்கார முடியல. பின்னாடி வைக்கோலைப் பரப்பிப் படுக்க வச்சேன். கூட வர பொம்பளை ஆளு இல்ல. ஏதாச்சும்னா தட்டு புள்ள, நிப்பாட்டுறேன்னு சொல்லிட்டுத்தான் ஏறினேன்.”

“தட்டலையா?”

“தட்டுனா. நான் இஞ்சினுன்னு நெனச்சேன். அதுக்கு முந்தியே ஒரு மாசமா இஞ்சினு விட்டு விட்டுத் தட்டிக்கிட்டுத்தான இருந்துச்சு. விக்கிறப்பதான் அதைச் சரிபண்ணுனேன்.”

நான் குடித்து வைத்த சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

“திருவரங்குளத்துக்குக் கிட்ட வரயில சத்தம் நின்னுபோச்சு. அப்பாடா, இஞ்சினு சரியாயிருச்சுன்னு நான் சந்தோசப்பட்டேண்ணே… ஆஸ்பத்திரி வாசல்ல போயித் திரையத் தூக்கறேன். தாயும் உசிரோட இல்ல, பிள்ளையும் இல்ல.”

“சந்தேகத்துக்காவது ஒரு தடவை நிறுத்திப் பார்த்திருக்கலாமேய்யா” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மெக்கானிக்கு சொல்லியிருந்தாருண்ணே. சித்திரையில பஸ்ஸேறி புதுக்கோட்டைக்குப் போயி, வண்டி தட்டுதேன்னு கேட்டேன். பழைய டீசல்னா தட்டத்தான் செய்யும், காதுல போட்டுக்காத. நடுவழியில மட்டும் நிப்பாட்டிறாத, மறுபடி கெளம்பாது, நேரா ஊருக்கு வந்துருன்னாரு. அந்தப் பேச்சை நம்பித்தான் நிப்பாட்டல.”

“எந்த மெக்கானிக்?”

“பேரு தெரியலண்ணே. லாரிக்கு அடியில படுத்து வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. வெளியவே வரல. காலு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. வலது கால் கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்துச்சு.”

அந்த வருடம் சித்திரையில் ஜாக்கி நழுவி என் வலது கால் கட்டைவிரல் நசுங்கியது. ஒரு மாதம் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை பார்த்தேன். யாரோ வந்து கேட்டதும், நான் படுத்தபடியே பதில் சொன்னதும் மங்கலாக ஞாபகம் வந்தது. அந்த ஆளின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ரெங்கராஜிடம் நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

நான் எழுந்தபோது அவர் பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வண்டி இப்பவும் தட்டுதாண்ணே?”

“இல்லப்பா” என்றேன்.