பொடிசுக்கு ரத்தம் எடுத்த நாள்

என் அக்கா வீட்டுக்காரர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். குழந்தைகளுக்கு முடி வெட்டுவதில் அவருக்குத் தனிப் பேர். நாற்காலிக் கைகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டும்போதே, "அவ்ளோதான், முடிஞ்சுது" என்பார். பாதித் தலை வெட்டியதும் மறுபடி அதையே சொல்வார். காதோரம் கத்தி வைக்கும்போதும் அதேதான். அழ வாயெடுத்த குழந்தைகள் நம்பி உட்கார்ந்திருக்கும்.

அவர் மகள் மட்டும் நம்பமாட்டாள். வயது ஆறு, பார்த்தால் நாலு என்பார்கள். எல்லோருக்கும் அவள் பொடிசு. பள்ளி விட்டால் கடை பெஞ்சில்தான் இருப்பாள். "எங்கப்பா முடிஞ்சுதுன்னா இன்னும் நெறைய இருக்குன்னு அர்த்தம்" என்று காத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி அவர் பிழைப்பில் மண்ணைப் போடுவாள்.

அவள் ஏன் வளரவில்லை என்று பார்க்க டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். வெறும் வயிற்றில் போய், கையில் ஊசிக்குழாய் பொருத்திக்கொண்டு, மருந்து சாப்பிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால் எல்லாம் வீண். முதல் முறை போனபோது மாமா கடைப் பழக்கத்தில், "ஒரே ஊசி, முடிஞ்சுது" என்றுவிட்டார். நர்ஸ் இரண்டாம் தரம் வந்து நின்றதுமே பொடிசு குழாயைப் பிடுங்கி எறிந்தாள்.

"வளர்ற வயசுங்க. இன்னொரு தடவை கெடுத்துடாதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் மறுதேதி கொடுத்தார்.

கடை விடுமுறையன்று மாமா பொடிசைப் பலகையில் உட்கார வைத்தார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி குத்தறப்போ வலிக்கும்" என்றார். இப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் அந்தக் குழாய் வழியாத்தான் எடுப்பாங்க. வலிக்காது."

"எத்தன தடவ?"

எதையோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். "தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்." அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். "ஏழு தடவையாம். பசிக்கும். தூக்கம் தூக்கமா வருமாம்."

"அங்க வந்து முடிஞ்சுதுன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"சித்தி, நீதான் சாட்சி."

நான் தலையாட்டினேன்.

அக்காவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்காததால் பரிசோதனை நாளன்று நானும் போனேன். ஆறு தடவை ஒழுங்காக நடந்தது. மருந்து மயக்கத்தில் பொடிசு அப்பாவின் மேல் சாய்ந்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்தாள். ஏழாவதுக்கு வந்த நர்ஸ் குழாயை அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை.

"அடைச்சிடுச்சு. இன்னொரு கையில குத்தித்தான் எடுக்கணும்" என்றார் மாமாவின் காதருகில். "எதையாவது சொல்லிச் சமாளிங்க."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. சமாளிப்பதில்தான் அவர் பேர் எடுத்ததே.

"பொடிசு, அப்பா சொன்னது தப்பாப் போச்சு. குழாய் அடைச்சிடுச்சு. இன்னொரு ஊசி குத்தணும்."

"நீ ஒண்ணுன்னுதான சொன்ன?"

"ஆமா. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

அவள் உதடு பிதுங்கியது. "அதே மாதிரிதான் வலிக்குமா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன். கூடவும் வலிக்கலாம்."

நர்ஸ் அவரை முறைத்தார். பொடிசு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே மறு கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. கை மட்டும் அசையவில்லை.

ரத்தத்தை வாங்கிக்கொண்டு நர்ஸ் போன பிறகு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். தன் பங்கை விக்கிக்கொண்டே தின்று முடித்த பொடிசு, அப்பாவின் பங்குக்கும் கை நீட்டினாள். அவர் அதைக் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் போனார்.