வெளுக்காத சிவப்பு

என் தங்கை வரைந்து சலவைக்கூடத்துச் சுவரில் ஒட்டிய முதல் படம் ஒரு பாதம். அதில் குதிகாலும் கட்டைவிரலும் மட்டும்தான் இருந்தன. நடுவில் வெறும் தாள். குதிகாலின் வெடிப்புகளைக்கூட விடாமல் போட்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது, அதுவும் இருந்தது. இவ்வளவு தெரிந்தவள் மீதியை ஏன் விட்டாள் என்று யாருக்கும் புரியவில்லை. பாய்லர் பார்க்கிற அண்ணன் மனசு கேட்காமல், அவள் சாப்பிடப் போன நேரத்தில் பென்சில் எடுத்து மீதியைப் போட்டுவிட்டார்.

அவரை நாங்கள் 'ஆவி' என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்க நீராவியோடு கிடக்கிறவர். போதாக்குறைக்கு, சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற பழக்கமும் உண்டு.

"என்ன சின்னவளே, காலை அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டே? அண்ணன் முடிச்சு வச்சிருக்கேன், பாரு."

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். "அண்ணே, ஆறு விரல் இருக்கு."

"இருக்கட்டும்மா. காணாமப் போனதுக்கு வட்டி."

எல்லோரும் சிரித்தோம். அவளும்தான். சிரித்து முடித்த பிறகு சொன்னாள்: "எது இருக்குன்னு எனக்குத் தெரியுதோ அதை மட்டும்தாண்ணே வரைஞ்சேன். நடுவுல இருக்கிறது தெரியல. ஊசியால குத்திப் பார்த்துட்டேன், அப்பவும் தெரியல."

துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் தெரியும். வீட்டில் என் பக்கத்தில் படுக்கிறவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் இஸ்திரி மேசையில், நான் மடிப்பு மேசையில். விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகள், துண்டுகள், மேசைத்துணிகள் எல்லாம் அவள் கையிலிருந்து என் கைக்கு வரும். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. தங்கை என்னைவிட ஒரு படி மேல். எனக்கு மடிக்கத் தெரியும். அவளுக்குப் பார்க்கத் தெரியும். ஒரு சட்டைப் பொத்தானை அவள் வரைந்தால், நூல் எந்தத் துளையில் ஏறி எதில் இறங்குகிறது என்று படத்தைப் பார்த்தே தைத்துவிடலாம். தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள், எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன.

பெரிய மருத்துவமனையில் படம் எடுத்து, முதுகில் நீர் எடுத்து, கடைசியில் பெயர் சொன்னார்கள். நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்குமாம். உடம்பே அதைத் தின்றுவிடுகிறதாம், அங்கங்கே. எப்போது, எந்த இடத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தது கொஞ்சம் திரும்பிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் இதை ஆவியிடம் சொன்னபோது அவர் தலைக்கு மேல் போகிற குழாயைக் காட்டினார்.

"அதோ, அந்தத் துணிச்சுத்து உரிஞ்சு தொங்குதே, அந்த மாதிரியா? இங்கேயிருந்து நல்ல ஆவியாத்தான் அனுப்புறேன். உங்க மேசைக்கு வரும்போது வெறும் தண்ணியா சொட்டுது."

"அந்த மாதிரிதாண்ணே."

"நம்ம குழாய்ன்னா திரும்பச் சுத்திடலாம்," என்றார்.

சூடு ஆகாது என்று மருத்துவரம்மா கண்டிப்பாகச் சொன்னார். சூட்டில் உடம்பு தளர்ந்துபோகும், கண்ணும் மங்கும். சலவைக்கூடத்தில் சூடில்லாத இடம் ஏது? முதலாளியிடம் பேசி, அவளை வாசல் பக்கம் துணி பிரிக்கிற இடத்துக்கு மாற்றினேன். ஆனால் மாற்றுவதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. மேசையில் அவள் விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். ஆவி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "யாரு துணியைக் கருக்குறது?" துணி கருகவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு இஸ்திரிப் பெட்டியின் விளிம்பில் சாய்ந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள்.

சூட்டுப் புண்ணுக்குப் போட்ட கட்டு அவிழ்ந்த பிறகு தன்னை முழுதாக வரைந்தாள். துணி சுற்றுகிற பழுப்புத் தாளில், ஆள் உயரத்துக்கு. வலது தோளிலிருந்து முழங்கை வரை வந்த கோடு அங்கேயே நின்றுவிட்டது. அதன் கீழே கை இல்லை.

"ஏண்டி, கையே இல்லாம எதால வரைஞ்சே?" என்றேன்.

"அந்தக் கையாலதான்."

"தெரியலைங்கிறே?"

"கை தெரியல. பென்சில் நுனி கண்ணுக்குத் தெரியுது இல்ல? அது போற இடத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுறேன். கண்ணை மூடினா பென்சிலைக் கீழே போட்டுடுவேன்." பிறகு, நான் கேட்காமலே, "இனிமே கண்ணுதாங்க்கா எனக்குக் கை," என்றாள்.

அன்றிலிருந்து நான் பயந்தது ஒன்றுக்குத்தான். படம் வரையாத என் தங்கையை எனக்குத் தெரியாது. அவளுக்குமே தெரியாது.

கண்ணில் முதலில் வந்தது இரட்டை. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. "ரெண்டு பெரியவ நிக்கிறீங்க. ஒருத்தி வாயையே தாங்க முடியல," என்று கேலி பேசினாள். ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும் என்றார்கள். பழைய மேசைத்துணியில் சதுரம் வெட்டி, நாலாக மடித்து, நாடா தைத்துக் கொடுத்தேன். அதை இடக்கண்ணின் மேல் கட்டிக்கொண்டு, வலக்கண்ணை மட்டும் வைத்து வரைந்தாள். கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறாள் என்று ஆவி சொன்னார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, வாசல் பக்கமிருந்து அவள் குரல் உயர்ந்தது.

"அண்ணே! தண்ணியை என்ன கொதியில விடுறீங்க? இந்த விடுதித் துண்டுல சிவப்புக் கரையே வெளுத்துப் போச்சு. நாளைக்கு அவங்க வந்து நம்மளைத்தான் கிழிப்பாங்க."

"எந்தக் கொதியில விட்டேன்? எப்பவும் விடுறதுதான்."

"அப்போ சோடா அதிகம். செங்கல் மாதிரி இருந்த சிவப்பு, இப்போ காய்ஞ்ச இலை மாதிரி இருக்கு."

ஆவி முணுமுணுத்துக்கொண்டே போய்த் திருகைக் குறைத்தார். அந்தத் துண்டுகள் என் மேசைக்கு வந்தன. எங்கள் தொழிலில் துணி வெளுத்துவிட்டது என்று யார் சொன்னாலும் மறுபேச்சில்லை, வெளுக்கத்தான் செய்யும். நானும் பார்த்தேன். கரை எனக்குச் சிவப்பாகத்தான் இருந்தது. மங்கிய விளக்கில் பார்த்திருப்பாள் என்று நினைத்து, ஓரம் சேர்த்து, மடித்து அடுக்கிவிட்டேன்.

அந்த வாரம்தான் என்னை வரைய உட்காரவைத்தாள். அதுவரை தன்னைத் தவிர யாரையும் அவள் வரைந்ததில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தலையை வாரி, நல்ல சேலையை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணை உருட்டும்போதெல்லாம் முகம் சுளித்தாள். "வலிக்குதா?" என்றேன். "உன்னைப் பார்த்தா யாருக்குத்தான் வலிக்காது," என்றாள்.

முடித்துத் தாளைத் திருப்பினாள். என் காது, காதோரம் நரைத்த முடி, தோளில் சேலை மடிப்பு, கழுத்துச் சங்கிலியின் கொக்கி, எல்லாம் அச்சு அசல். நடுவில் முகம் இல்லை. அழித்த தடமும் இல்லை. வெறும் பழுப்புத் தாள்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தை அவர் வந்து பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இதைக் கழட்டு முதல்ல."

"ஏங்க?"

"இருக்கிறதை மட்டும்தான் வரைவேன்னு அவதானே சொன்னா? அப்போ உனக்கு..." முடிக்கவில்லை. "கழட்டுன்னா கழட்டேன்."

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று என் மூக்கைக் கிள்ளினேன். கன்னத்தைக் கிள்ளினேன். உதட்டைக் கடித்தேன். எல்லாம் வலித்தது. வலித்ததும் ஒரு நிம்மதி வந்தது, உடனே வெட்கமும் வந்தது. முகம் துடைக்கத் துண்டை எடுத்தேன். வேலையிடத்தில் கழித்துக் கட்டிய துண்டு, அந்த விடுதியுடையது. அதன் சிவப்புக் கரை கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது.

வெளுக்கவே இல்லை.

துண்டோடு வெளியே வந்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் கட்டை அவிழ்த்து, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டினேன். தடுக்கவில்லை.

"இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"வெளுத்திருக்கா?"

துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இல்ல," என்றாள்.

"என் முகம்?"

"இருக்குக்கா. மூக்கு முன்ன மாதிரியே சப்பையாத்தான் இருக்கு."

"ஏண்டி சொல்லல? ஒரு வாரமா?"

"வாயால சொன்னா நிஜமாயிடும். வரைஞ்சா படம்தானேன்னு நினைச்சேன்." துண்டின் கரையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அந்த விரலுக்கு அது தெரியாது. "நேராப் பார்க்கிற இடத்துல மட்டும் ஓட்டை. எங்கே பார்த்தாலும் அங்கே வந்து உக்காந்துக்குது. பென்சில் நுனியைப் பார்த்தா பென்சில் நுனி இல்ல. உன்னைப் பார்த்தா நீ இல்ல."

என் வீட்டுக்காரர் அதற்குள் வண்டியை வெளியே எடுத்திருந்தார்.

மருத்துவரம்மா விளக்கடித்துப் பார்த்தார், திட்டினார். "ஒரு வாரம் கழிச்சு வர்றீங்க. அக்காதானே நீங்க, வீட்ல யாரும் கவனிக்கலையா?" தங்கைதான் சொன்னாள்: "கவனிச்சாங்க டாக்டர். அதான் வந்திருக்கோம்." நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பார்வை மெதுவாக வந்தது, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. எல்லாம் வரவில்லை. அடுத்த முறை எவ்வளவு வரும் என்று கேட்டேன். "அடுத்த முறை வராம இருக்கணும்னு பார்ப்போம்," என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆவி இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். முகமில்லாத என் படத்தின் முன்னால் நின்றார். "நான் வேணா போட்டு விடட்டுமா?"

"ரெண்டு மூக்கு வச்சிடுவீங்க, வேண்டாம்," என்றாள். நான் கேட்டபோதும் மாட்டேன் என்றாள். "அன்னைக்கு இல்லாதது இல்லாததுதாங்க்கா. இப்போ போட்டா பொய்." என் வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை அந்தச் சுவரைப் பார்க்காமல்தான் சாப்பிடுகிறார்.

கடையில் சிவப்பு நாடா ஒரு முழம் வாங்கி வைத்திருக்கிறேன். எதிலும் தைப்பதற்கு இல்லை. தினமும் காலையில், கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடி மற்ற கண்ணுக்குக் காட்டுவேன். பிறகு மாற்றிக் காட்டுவேன். "வெளுத்திருக்கா?" என்பேன். "இல்ல" என்பாள். சில நாள் "உன் தலைதான் வெளுத்திருக்கு" என்பாள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். நாடா தண்ணீர் படாத இடத்தில், மடித்து, இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது ஈரத்தையே பார்த்ததில்லை.

இன்று காலையும் காட்டினேன். இடக்கண்ணுக்கு முதலில். "இல்ல." கட்டை மாற்றினேன். அவள் நாடாவை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதைத் துவைச்சியா?"

பையில் மருத்துவமனைச் சீட்டை வைத்தேன், தண்ணீர் புட்டியை வைத்தேன், அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டேன். திரும்பிப் பார்த்தால், அவள் முகமில்லாத படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் விரித்துவிட்டாள். பென்சிலை வலது கைக்குள் வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"பொய்யின்னு சொன்னியேடி," என்றேன்.

"சொன்னேன். இப்போ உக்காரு."

"பஸ் போயிடும்."

"அடுத்த பஸ் வரும். மூக்கை மட்டுமாவது முடிச்சிடுறேன். அசையாதே."

பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.